யாருக்கு யார் மச்சான்?

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு பெங்களூர் சில்க் போர்டு பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கிறீர்களா? தருமபுரி, சேலம் பஸ்ஸுக்காக ஒரு கூட்டம் பைகளோடு காத்துக்கொண்டிருக்கும். பஸ் வருகிறதோ இல்லையோ, பேச்சு வந்துவிடும்.

"கிருஷ்ணகிரிக்காரனுக்கெல்லாம் எதுக்குடா தருமபுரி பஸ்ஸு?"

"2004 வரைக்கும் நாங்களும் தருமபுரிதான்டா."

"ஆமா, பிரிஞ்சு போறப்ப மாந்தோப்பையும் ஓசூரையும் தூக்கிட்டுப் போயிட்டீங்க. எங்களுக்குப் புளியங்கொட்டையத்தான் விட்டுவெச்சீங்க."

பின்னால் நிற்கும் சேலத்துக்காரர், வயதில் மூத்தவர், நிதானமாகச் சொல்வார்: "1965க்கு முன்னாடி ரெண்டு பேருமே எங்க ஜில்லாதாம்பா. சண்டை போடாம ஏறுங்க."

அத்திப்பள்ளி தாண்டும்வரை இது ஓடும். அரூரா பென்னாகரமா, எந்தப் பண்டிகையில் கூட்டம் அதிகம், களியை முத்தே என்று சொல்லும் கன்னடக்காரனுக்குக் களி கிண்டத் தெரியுமா தெரியாதா. நான் 2009இல் பெங்களூர் போனவன். இந்தச் சண்டைகளில் என் பங்கும் உண்டு. நன்றாகவே சண்டை போடுவேன்.

நூற்று முப்பது சொச்சம் கிலோமீட்டர் போனதற்குப் புலம்பெயர்வு என்று பெயரா என்று டொராண்டோவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதுகிறவர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டி பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டபோது, ஆயிரக்கணக்கானவர்கள் ஓசூர் பக்கம் ஓடிவந்தார்கள். மொழி வேறு, வண்டியின் நம்பர் பலகை வேறு, வீட்டுக்காரர் வேறு மாநிலம். இத்தனையும் இருந்தால் அது அயலூர்தான். விமானம் ஏறினால்தான் ஊர் ஏக்கம் வரும் என்று யார் சொன்னது?

இந்த வெளியூர்க்காரர்களின் கேலியையும் சண்டையையும் பற்றி நம் இணைய இதழ்களில் நிறையக் கதைகளும் கட்டுரைகளும் வந்துவிட்டன. பேச்சிலர் ரூம் கதைகள். ஒரே குக்கர், ஏழு தட்டு, ஒருவன் காதலில் தோற்பான், ஒருவன் வாடகை தரமாட்டான், எல்லோரும் மச்சான். கடைசிப் பத்தியில் "அந்த ரூமில் சாதியில்லை, மதமில்லை" என்று ஒரு வரி கண்டிப்பாக இருக்கும். அந்த வரிக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். அது பொய் என்பதுகூட என் முதல் புகார் இல்லை. அதை எழுதுகிறவர்கள் எப்போதும் என்னைப் போன்றவர்களாகவே இருக்கிறார்கள் என்பதுதான்.

முதலில், கேலி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எங்கள் ஜில்லாக்காரனைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பல்லைக் காட்டச் சொல்வது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. சின்ன வயதிலிருந்து அதையே குடித்து வளர்ந்தவனின் முன்பல்லில் பழுப்புக் கோடு விழும். இன்னும் மோசமானால் எலும்பு வளையும். எங்கள் ரூமில் புதிதாக யார் வந்தாலும் "டேய், சிரி" என்போம். சிரித்தால் எந்த பிளாக் என்று பந்தயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தப் பற்களுக்காகவும் எலும்புகளுக்காகவும் வந்தது. ஜப்பான் கடனுதவியில் அதைத் தொடங்கப்போன 2008இல் பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்கள் தாக்கப்பட்டன. கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று திட்டத்தைத் தள்ளிவைத்தார் அன்றைய முதல்வர் கருணாநிதி. 2013இல்தான் தண்ணீர் வந்தது. ஆக, அந்தப் பல் ஜோக்குக்குப் பின்னால் பெரிய துயரம் இருக்கிறது. ஆனாலும் அது நல்ல ஜோக். ஏனென்றால் சொல்கிறவன் பல்லிலும் கோடு, கேட்கிறவன் பல்லிலும் கோடு. ஒரே கிணற்றுத் தண்ணீர்.

ஒரே கிணறா? இங்கேதான் என் வாய் அடைபடுகிறது. எங்கள் ஊரில் கிணறு இரண்டு.

எங்கள் ரூமில் ஏழு பேர். பொம்மனஹள்ளியில் மூன்றாவது மாடி, தகரக் கூரை. ஒருவன் சென்ட்ரிங், ஒருவன் கூரியர், மற்றவர்கள் பொம்மசந்திராவில் கம்பெனி வேலை. அதில் ஒருவன் என் ஊர். என் ஊர் என்றால் காலனி. நான் ஊர்த்தெரு, எங்கள் பக்கத்தில் வன்னியர்களைக் கவுண்டர் என்பார்கள், நான் கவுண்டர் வீடு. ஊரில் பத்தாவதுவரை ஒரே வகுப்பில் படித்தும் நாங்கள் ஒரே தட்டில் சாப்பிட்டதில்லை. பெங்களூரில் சாப்பிட்டோம். ஒரு ஜீன்ஸை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டோம். அவன் என்னை மச்சான் என்றான், நான் அவனை மாப்ள என்றேன். இதைத்தான் பேச்சிலர் ரூம் கதைகள் சாதி ஒழிப்பு என்கின்றன.

எங்கள் கேலி இப்படி இருக்கும். அவன் புதுச் செல்போன் வாங்கினால், "உங்களுக்கென்னடா, கவர்மென்ட்டே குடுக்கும்." ஞாயிற்றுக்கிழமை பீஃப் பிரியாணி வாங்கி ஏழு பேரும் தின்போம், தின்று முடித்ததும், "இவன்தான்டா எங்களைக் கெடுத்தான்." வேலைக்கு லேட்டாகப் போனால் ஒரு வசனம், சீக்கிரம் போனால் வேறொன்று. எல்லாவற்றுக்கும் முதலில் சிரித்தது அவன்தான். நாங்கள் ஜோக்கை முடிப்பதற்குள் சிரித்துவிடுவான். அவன் பெருந்தன்மை என்று நினைத்தேன். ஜோக் நீளாமல் இருப்பதற்கு அவன் கண்டுபிடித்த வழி அது என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. பதிலுக்கு எங்களை அவன் எதைச் சொல்லிக் கிண்டல் செய்தான் என்று யோசித்துப் பார்க்கிறேன். என் தொப்பை, என் கன்னடம், என் பல். என் சாதியைச் சொல்லி ஒருநாளும் இல்லை. எங்களுக்குச் சாதி ஜோக் ஒன்றுவழிப் பாதை. இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், உங்கள் ரூமிலும், உங்கள் ஆபீஸிலும். யாரைப் பற்றி என்ன ஜோக், அதே விஷயத்தில் அவர் திருப்பிச் சொல்ல முடியுமா?

ஒருநாள் அவன் அப்பா வந்தார். ஜிப்மர் மாதிரி ஏதோ ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று நினைக்கிறேன், காட்டிவிட்டுப் போக பெங்களூர் வந்திருந்தார். ஊரில் என் அப்பாவை "கவுண்டரே" என்று கூப்பிடுகிறவர். என் அப்பா அவரைப் பெயர் சொல்லி, டா போட்டு. என்னைவிட முப்பது வயது மூத்தவர் ரூம் வாசலிலேயே நின்றார். "உக்காருங்க" என்றேன். கட்டிலில் உட்காரவில்லை, கதவோரம் குந்தினார். அப்போது இவன் குளித்துவிட்டு வந்து, "மச்சான், அந்தச் சீப்பை எடு" என்றான். அவர் முகத்தில் அதற்கு முன்பும் பிறகும் நான் பார்க்காத ஒரு பயம். எழுந்து, மகன் கையைப் பிடித்து, ஈரத் தலையோடு படி இறக்கிக் கூட்டிப் போனார். கீழே என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

அந்த மனிதர் பத்தாம்பசலி என்று அன்றைக்கு ரூமில் சிரித்தோம். ஆனால் எங்கள் ஏழு பேரையும்விட அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருந்தது. மச்சான் என்றால் என்ன? மாமன் மகன். அக்காள் புருஷன், தங்கை புருஷன். அதாவது, யாருக்கு நம் வீட்டுப் பெண்ணைக் கொடுக்கலாமோ, யார் வீட்டில் நாம் எடுக்கலாமோ, அவன். நம் ஊர்களில் கேலி செய்யும் உரிமை இந்த முறையைப் பின்பற்றித்தான் போகும். அண்ணன் தம்பிக்குள் அப்படிக் கிண்டல் கிடையாது, பங்காளியிடம் கிடையாது. மாமன் மச்சானிடம் எல்லை மீறலாம். மாரியம்மன் பண்டிகையில் மஞ்சத்தண்ணி ஊற்றிக்கொள்வது முறைக்காரர்கள்தான். வசவுகூட அங்கே உறவின் ரசீது. ராட்கிளிஃப் பிரவுன் என்ற மானுடவியலாளர் 1940இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார்: சில உறவுகளில் ஒருவர் மற்றவரைக் கேலி செய்யலாம், மற்றவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவருக்கு உதாரணங்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து கிடைத்தன. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு ஒரு நடை வந்திருந்தால் போதும்.

நாங்கள் ரூமில் செய்தது என்ன? அந்த உறவிலிருந்து கேலியை மட்டும் உருவிக்கொண்டோம். பெண் கொடுக்கும் பேச்சு கிடையாது, மச்சான் மட்டும் உண்டு. கடன் பத்திரத்தில் வட்டியை மட்டும் வாங்கிக்கொள்வது மாதிரி. அந்த அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, அந்தச் சொல்லை யாராவது ஒருநாள் நிஜம் என்று எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்று.

நடந்தது. 2012 நவம்பர் 7, புதன்கிழமை. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. நத்தம் காலனியைச் சேர்ந்த தலித் இளைஞர் இளவரசனும் வன்னியர் வீட்டுப் பெண் ஒருவரும் கல்யாணம் செய்துகொண்டதையொட்டி, பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்ட அன்று, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று காலனிகளிலும் 200க்கும் மேற்பட்ட வீடுகள் கொள்ளையடிக்கப்பட்டுக் கொளுத்தப்பட்டன. பக்கத்தில்தான் நாயக்கன்கொட்டாய். நக்சல்பாரி இயக்கத்து அப்பு, பாலன் சிலைகள் நிற்கும் ஊர். இரட்டைக் குவளைக்கு எதிராக ஊரும் காலனியும் சேர்ந்து நின்ற காலம் ஒன்று அந்த மண்ணுக்கு இருந்தது. எரிந்த வீடுகளில் பல பெங்களூர் காசு, திருப்பூர் காசு. பீரோ, டிவி, பைக், நகை. சித்தாளாகவும் மேஸ்திரியாகவும் போய் இருபது வருஷம் சேர்த்தவை. 2013 ஜூலை 4 அன்று தருமபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்னால் ரயில் தண்டவாளத்தோரம் இளவரசன் பிணமாகக் கிடந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், ஜீன்ஸும் கூலிங் கிளாஸும் போட்டு நம் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார். 'நாடகக் காதல்' என்ற சொல் ஜில்லா முழுக்கப் புழங்கியது. எங்கள் ரூம் ஜீன்ஸை நினைத்துக்கொண்டேன். என் இடுப்பில் இருந்தால் அது துணி. அவன் இடுப்பில் இருந்தால் நாடகம்.

இப்போது என் ரூமைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் சித்தியைக் கட்டிக் கொடுத்தது அந்த மூன்று காலனிகளில் ஒன்றில். தீபாவளிக்கு எல்லோரும் ஊருக்குப் போனோம். அவனும் போனான். திரும்பி வந்தோம். தீபாவளியன்று 'துப்பாக்கி' ரிலீஸ் ஆகியிருந்தது. விஜய் ரசிகன் இரண்டு பேர், அஜித் ரசிகன் மூன்று பேர் இருந்த ரூம். மூன்று நாள், சத்தியமாக மூன்று நாள், அந்தப் படத்தைப் பற்றி மட்டும் சண்டை போட்டோம். சட்டையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு. அவன் சுவரோரம் படுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். "சித்தி வீடு என்னாச்சு?" என்று ஒருத்தன் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வந்துவிடும் என்று பயந்தோம். அந்த மூன்று நாள் கத்தலும் இந்த ஒரு சண்டை வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

வெளியூர்த் தமிழர்கள் எப்போது பார்த்தாலும் அடித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு புலம்பல் உண்டு. ரெண்டு தமிழன் இருந்தா மூணு சங்கம் என்பார்கள். என் புகார் நேர் எதிரானது. நாம் போதுமான அளவு சண்டை போடுவதில்லை. மாம்பழத்துக்கும் நடிகனுக்கும் தொண்டை கிழியக் கத்துகிறோம், கத்தவேண்டிய இடத்தில் ஜோக் அடிக்கிறோம்.

எல்லை தாண்டினால் சாதி உதிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை ரொம்பப் பழையது, அதற்கான மறுப்பும் பழையது. 1916இல் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர், கேட்கரை மேற்கோள் காட்டி, இந்துக்கள் வேறு நாடுகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதி உலகப் பிரச்சினை ஆகிவிடும் என்றார். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் அப்படியொரு மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியும் ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அங்கே எதிர்த்தவர்கள் சொன்னதில் ஒன்று, இங்கே அதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்பது. எங்கள் ரூமில் சொன்னதும் அதுதான், குக்கர் விசிலுக்கு நடுவில்.

"அப்ப கேலியே கூடாதா? எல்லாத்துக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கணுமா?" என்று கேட்பீர்கள். நேரில் கேட்டிருக்கிறார்கள். ஐயா, நான் தகடூர்க்காரன். கேலி எங்கள் ஊர்ச் சொத்து. அதியமானுக்காகத் தூது போன ஒளவை காஞ்சியில் தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்துவிட்டு என்ன செய்தார்? உன் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை போட்டு, பளபளவென்று இருக்கின்றன. எங்காள் ஆயுதமோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்று புகழ்வது போலப் பாடினார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அயலூரில், அரசனின் சொந்த வீட்டுக்குள், அவன் ஆயுதங்களுக்கு நடுவில் நின்று, அவன் முகத்துக்கு நேராகச் சொன்ன கேலி. அந்தத் திசையில் போகிற கேலி எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும். நாங்கள் அடித்த ஜோக் எல்லாம் கதவோரம் குந்தியிருந்தவரை நோக்கிப் போயின.

சண்டைக்கும் நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. ஈழத்திலிருந்து ஓடிப்போனவர்கள் 1988இல் ஜெர்மனியில் இலக்கியச் சந்திப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பனியிலும் அகதி முகாமிலும் இருந்துகொண்டு, கிடைத்த வாடகை மண்டபத்தில் கூடி, இயக்கங்களைப் பற்றி, சாதியைப் பற்றி, பெண்களைப் பற்றி, முஸ்லிம்களுக்கு நடந்ததைப் பற்றி நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். நட்பு முறிந்தது, பத்திரிகைகள் பிளந்தன. சும்மா விளையாட்டும் இல்லை அது: மாற்றுக் கருத்துக்காரரான சபாலிங்கம் 1994 மே 1 அன்று பாரிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சண்டைகளிலிருந்து வந்த எழுத்தைத்தான் இன்றைக்கு நாம் புலம்பெயர் இலக்கியம் என்று பாடத்தில் வைக்கிறோம். அவர்களுக்குத் திரும்பிப் போக வழியில்லை. எங்களுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் இருக்கிறது. ஒருவேளை அதுதான் வித்தியாசமோ என்னவோ. இரண்டு நாள் கழித்து அதே ஊர்த்தெருவில் போய் நிற்கவேண்டியவன் வாயைத் திறக்க யோசிப்பான். எனக்கே அந்த யோசனை இருந்தது, அதை மறைக்கவில்லை.

2013 பொங்கல் முடிந்து அவன் ரூமைக் காலி செய்தான். "கம்பெனி பக்கத்துலயே ரூம் கெடச்சிருச்சு மச்சான்" என்றான். எல்லோரும் சேர்ந்து பிரியாணி வாங்கினோம். கடைசியாக ஒருமுறை அதே ஜோக்கையும் அடித்தோம்.

2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. காவிரி. பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் டிப்போவிலேயே டஜன் கணக்கில் எரிந்தன. மத்தியானமே கம்பெனியை மூடிவிட்டார்கள். வீட்டு ஓனர் நல்ல மனுஷர், கன்னடக்காரர், மேலே வந்து, லைட்டைப் போடாதீங்க, தமிழ்ல சத்தமாப் பேசாதீங்க என்றார். கீழே நின்ற பைக்கின் டி.என். 29 பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தோம். இருட்டில் ஆறு பேர். ஆளாளுக்கு போனில் எரியும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "நாம என்னடா பண்ணோம்? பொழைக்கத்தானே வந்தோம்?" என்று ஒருத்தன் அழுதான். யாரோ சம்பாதித்ததை யாரோ வந்து எரித்துவிட்டுப் போவதா என்று இன்னொருத்தன் கேட்டான். விடிய விடிய இதே பேச்சு. நாலு வருஷத்துக்கு முன்னால் எரிந்தது ஞாபகத்துக்கு வந்தவன் எவனாவது இருந்தால், அவனும் என்னைப் போல வாய் திறக்கவில்லை.

பதினோரு மணி இருக்கும், என் போன் அடித்தது. புது நம்பர். அவன்தான்.

"பத்திரமா இருக்கீங்களா?"

முதலில் பன்மை என்றுதான் நினைத்தேன். ரூமில் ஆறு பேர் இருக்கிறோமே.

"இருக்கோம்டா மாப்ள. நீ எங்கடா இருக்க?"

"இங்க ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க. நீங்க வெளிய எங்கயும் போயிராதீங்க."

போன் கைமாறியது. ஆளாளுக்கு, ஓனர் சொன்னதை மறந்து, "மச்சான்! டேய் மச்சான்!" என்று கத்தினார்கள். திரும்ப என் கைக்கு வரும்போது லைன் கட்டாகியிருந்தது.